துருவுக்கு அறுபத்துமூன்று இணைப்பு சேர்த்துவிட்டேன், எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது?

கரும்பலகை_8 எழுதியது:

வணக்கம். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இந்தப் பருவத்தில் ஒரு பாடத்தையாவது பிள்ளைகளே கேள்வி கேட்டு, தேடி, செய்து பார்த்துக் கற்றுக்கொள்கிற மாதிரி நடத்திவிட வேண்டும் என்று துருப்பிடித்தலை எடுத்துக்கொண்டேன். எல்லார் கண்ணிலும் படுகிற விஷயம், பெரிய கருவி எதுவும் வேண்டாம், அதுதான் நான் போட்ட கணக்கு.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. துருப்பிடித்த ஒரு பழைய பூட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன். பத்து நிமிடத்தில் பலகை நிறைய கேள்வி. சில ஆணி துருப்பிடிக்கிறது, சிலது ஏன் பிடிப்பதில்லை? துரு இரும்பைத் தின்கிறதா, மேலே வந்து ஒட்டிக்கொள்கிறதா? துருப்பிடித்த ஆணி குத்தினால் எதற்கு ஊசி? செவ்வாய்க் கிரகம் சிவப்பாக இருப்பது துருவா? கடலுக்கு அடியில் காற்றே இல்லையே, அங்கே கப்பல் எப்படித் துருப்பிடிக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டவன் வழக்கமாக வாயே திறக்காத பையன்.

இரண்டாம் நாள்தான் சொதப்பல். கணினி அறைக்கு அழைத்துப்போய் "தேடுங்கள்" என்று விட்டேன். பாடவேளை முடிந்து தாளை வாங்கிப் பார்த்தால் எட்டுக் குழுவில் ஆறு குழு ஒரே பத்தியை எழுதியிருக்கிறது, எழுத்துப்பிழை உட்பட. ஆறு தாளிலும் "நீரேறிய இரும்பு ஆக்சைடு" இருக்கிறது. அப்படி என்றால் என்ன என்று கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சரி, நாமே தேடிக் கொடுப்போம் என்று நான்கு இரவு உட்கார்ந்து சேர்த்ததில் 63 இணைப்பு, 14 காணொளி, இரண்டு பழைய கலைக்களஞ்சியக் கட்டுரை. இப்போது எனக்கே தலை சுற்றுகிறது. இதில் எத்தனையைக் கொடுக்கலாம், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது, பதில் அப்பட்டமாக இருக்கிற பக்கத்தை என்ன செய்வது? எல்லாவற்றையும் கொடுத்தால் திணறுகிறார்கள், ஒன்றைக் கொடுத்தால் அது இன்னொரு பாடப்புத்தகம் ஆகிவிடுகிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


நூலகத்து மூலை எழுதியது:

டீச்சர், முதலில் அந்த 63-ஐ அப்படியே மூடி வைத்துவிடுங்கள். நான் பள்ளி நூலகத்தில் இருக்கிறேன், இந்தக் காட்சியை ஆண்டுக்கு நாலு தடவை பார்க்கிறேன். ஆசிரியர் தலைப்பை வைத்துத் தேடுகிறார், பிள்ளைகளோ கேள்வியை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். "துரு" என்று தேடினால் துருவைப் பற்றிய கட்டுரைதான் வரும், எல்லாம் ஒரே கட்டுரையின் அண்ணன் தம்பி. உங்கள் பலகையில் இருந்த கேள்விகளில் நாலைந்தை மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே "இதைத் தீர்க்க என்ன கையில் இருக்க வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். முதல் கேள்விக்கு இணைப்பே வேண்டாம், பலவகை ஆணி வேண்டும். செவ்வாய்க் கேள்விக்குப் படம் வேண்டும், நாசா தளத்தில் ரோவர் என்கிற, செவ்வாயில் ஓடும் ஆளில்லா வண்டி எடுத்த படங்கள் கொட்டிக் கிடக்கின்றன, வகுப்பில் காட்டத் தடையும் இல்லை. ஊசிக் கேள்விக்கு எழுத்து வேண்டும், அதுவும் ஒன்றோடொன்று முரண்படுகிற எழுத்து. இப்படிப் பிரித்தாலே பாதி இணைப்பு தானாக உதிர்ந்துவிடும்.

எண்ணிக்கை கேட்டீர்கள். ஒரு கேள்விக்கு நான் மூன்று, மிஞ்சினால் நான்கு எடுத்து வைப்பேன். அதில் ஒன்று வகுப்பில் மெதுவாகப் படிக்கிறவன்கூடத் தனியாக முடிக்கக் கூடியது. ஒன்று கொஞ்சம் கடினமானது, குழுவாக உட்கார்ந்து முட்டிமோதிப் படிக்க வேண்டியது. ஒன்று எழுத்தே இல்லாதது, படமோ வரைபடமோ பொருளோ. கடினமா எளிதா என்று பார்க்க நான் எந்தச் சூத்திரமும் வைத்துக்கொள்வதில்லை. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு முதல் பத்தியை உரக்க வாசிக்கச் சொல்வேன். மூச்சு எங்கே தடுக்கிறது என்று பார்த்தால் போதும்.

பதில் அப்பட்டமாக இருக்கிற பக்கத்தைத் தூக்கிப் போட வேண்டாம், பூட்டி வையுங்கள். பிள்ளைகள் தாங்களாக ஒரு முடிவை எழுதிய பிறகு அதைக் கொடுங்கள். அப்போது அவர்கள் அதைப் படிக்கிற விதமே வேறு, "நாம் எழுதியது இதில் இருக்கிறதா" என்று மோப்பம் பிடித்துக்கொண்டு படிப்பார்கள். எந்த வளத்தை எந்த நாளில் கொடுப்பது என்பதும் தேர்வில் ஒரு பகுதிதான், இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உங்கள் இரண்டாம் நாள் சொதப்பலுக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. கேரல் குல்தாவ் என்ற நூலகவியல் பேராசிரியர் 1980களில் பள்ளி மாணவர்கள் கட்டுரைக்காகத் தகவல் தேடுவதைக் கூடவே இருந்து கவனித்தார். தேட ஆரம்பித்ததும் தெளிவு கூடும் என்று நாம் நினைக்கிறோம். அவர் கண்டது நேர்மாறு. தலைப்பு கிடைத்த உற்சாகம் முடிந்து தேட இறங்கிய உடனே குழப்பமும் சந்தேகமும் ஏறுகின்றன, பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள். அந்த நேரத்தில் முதலில் கண்ணில் பட்ட பத்தியைக் காப்பியடிப்பது சோம்பல் அல்ல, தப்பிக்கும் வழி. அந்தக் கட்டத்தில் பொருளைக் குறைத்துக் கொடுங்கள், பக்கத்தில் நில்லுங்கள்.

ஊசிக் கேள்வியை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள், அது தங்கம். அந்த ஊசி தடுக்கிற இசிவு நோய் (டெட்டனஸ்) துருவால் வருவதில்லை, க்ளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியாவால் வருகிறது. அதன் வித்துகள் மண்ணில் இருக்கின்றன, பளபளக்கிற புது ஆணியும் மண்ணில் கிடந்து ஆழமாகக் குத்தினால் அதே ஆபத்துதான். ஆனால் இணையத்தில் பாதிப் பக்கம் துருவைத்தான் குற்றவாளி ஆக்குகிறது. அப்படி ஒரு பக்கத்தையும் ஒரு மருத்துவத் தளத்தின் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இரண்டும் ஒத்துப்போகவில்லை, யாரை நம்புவது" என்று மட்டும் கேளுங்கள். ஸ்டான்போர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 10 வரலாற்று அறிஞர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்களை உட்காரவைத்து இணையப் பக்கங்களை மதிப்பிடச் சொன்ன ஆய்வு ஒன்று உண்டு. படித்த பேராசிரியர்கள்கூட ஒரு பக்கத்திலேயே மேலும் கீழுமாகப் போய் அழகான லோகோவில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்துக்குள் அதிகம் நிற்கவே இல்லை, உலாவியில் வேறு தாவல்களை (டேப்) திறந்து "இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்" என்று பார்த்தார்கள். எட்டாம் வகுப்புக்கு இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் எனக்குப் போதும்.


சோதனைக்குழாய் எழுதியது:

நூலகத்து மூலை சொன்னதெல்லாம் சரி. ஆனால் எழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். துருவுக்கு முதல் வளம் ஆணி.

நான் இதே பாடத்தை மூன்று தடவை நடத்தியிருக்கிறேன், முதல் தடவை அசிங்கப்பட்டேன், அதைச் சொல்கிறேன். ஈரமான இரும்புக் கம்பளியைக் கண்ணாடிக் குழாயின் அடியில் திணித்து, குழாயைத் தலைகீழாகத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால், துருப்பிடிக்கப் பிடிக்க உள்ளே இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் மேலே ஏறும். காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம், குழாயிலும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி நிற்கும். அழகான சோதனை. நான் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை வாங்கிக்கொண்டு போனேன். மூன்று நாள் ஆனது, ஒரு மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்கள், நான் குழாயைப் பார்க்கிறேன். அப்புறம்தான் உறைத்தது, அது எவர்சில்வர் நார். குரோமியம் கலந்த எஃகு, அது எப்படித் துருப்பிடிக்கும்? மர வேலைக்காரர்கள் மெருகூட்டப் பயன்படுத்துகிற நைசான இரும்புக் கம்பளிதான் வேண்டும், அதிலும் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், வினிகரில் நனைத்துக் கழுவிய பிறகு வைத்தால் மறுநாளே வேலை செய்யும்.

அதனால் என் விதி ஒன்றே ஒன்று. பிள்ளைகளிடம் கொடுக்கும் முன்னால் நான் என் கையால் ஒரு தடவை செய்து பார்க்காத எதையும் பட்டியலில் சேர்ப்பதில்லை. காணொளியில் வருகிற சோதனை வெட்டி ஒட்டிய சோதனை, அதில் காத்திருக்கும் நேரம் தெரியாது, ஏழாவது முயற்சியில்தான் வந்தது என்பதும் தெரியாது.

இரண்டாவது, உங்கள் 14 காணொளியில் ஒன்றிலாவது மெழுகுவர்த்தி இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். தட்டில் தண்ணீர், நடுவே எரிகிற மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால் தண்ணீர் உள்ளே ஏறும், "பார்த்தீர்களா, ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது" என்று முடிப்பார்கள். விளக்கம் தவறு. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடும். தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் உள்ளே இருந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்குவதால். கவனித்துப் பாருங்கள், சுடர் எரியும்போது மெதுவாக இருந்துவிட்டு அணைந்த பிறகுதான் சட்டென்று ஏறும். ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வைத்தால் இன்னும் உயரம் ஏறும். குவளையில் இருந்த ஆக்சிஜன் அதே அளவுதானே, பின் எப்படி? இதைப் பிள்ளைகளே கேட்கும்படி செய்யலாம். அதனால் அந்தக் காணொளியை நான் தள்ள மாட்டேன், இரும்புக் கம்பளிக் குழாய்க்குப் பக்கத்தில் அதை ஓடவிட்டு "இரண்டில் எது உண்மையில் ஆக்சிஜனை அளக்கிறது" என்று கேட்பேன். தப்பான வளமும் வளம்தான், அது தப்பு என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிற வரை.

மூன்றாவதாக ஒரு சின்னப் பொருள். பொட்டலத்தில் வருகிற பண்டங்களுக்குள் "தின்னாதே" என்று அச்சடித்த குட்டிப் பொட்டலம் கிடக்கும் இல்லையா. சிலது ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல், சிலது ஆக்சிஜன் உறிஞ்சி. இரண்டாவதில் பெரும்பாலும் இரும்புத் தூள், அது துருப்பிடித்துத்தான் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. கிழிக்கவே வேண்டாம், வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டுங்கள். ஒன்று ஒட்டும், இன்னொன்று ஒட்டாது. அந்த வகுப்பில் நான் பாடம் என்று எதுவும் சொல்லவில்லை, சத்தம் மட்டும்தான் அடக்க வேண்டியிருந்தது.

ஆணி வாங்கும்போது சாதா இரும்பாணி, துத்தநாகம் பூசிய ஜிஐ ஆணி, எவர்சில்வர் திருகாணி, பெயின்ட் அடித்தது என்று கலந்து வாங்குங்கள், பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்டுக் கொடுங்கள். எந்த எண் எது என்பது உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். துருப்பிடித்த முனையைத் தொடும்போது கையுறை, அதில் சமரசம் கிடையாது.


மணியடிச்சாச்சு எழுதியது:

எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் நான் கொஞ்சம் வில்லன் வேலை பார்க்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பாடத்துக்கு ஒரு வாரம்தான் எனக்குக் கிடைக்கும். அதில் கேள்வி, தேடல், ஆணி, காத்திருப்பு என்றால் மீதிப் பாடத்தை யார் முடிப்பது? தவிர, 2006-ல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று கல்வி உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையை யாரும் இங்கே பேசவில்லை. வழிகாட்டல் இல்லாமல் "நீயே கண்டுபிடி" என்று விட்டால், அடிப்படை தெரியாத பிள்ளையின் நினைவாற்றல் தேடுவதிலேயே செலவாகிவிடுகிறது, கற்றுக்கொள்ள மிச்சம் இருப்பதில்லை என்பதுதான் அவர்கள் வாதம். டீச்சரின் கணினி அறையில் நடந்தது அதேதானே? ஆக்சைடு என்றால் என்ன என்று தெரியாதவனிடம் 63 இணைப்பைக் கொடுத்தாலும் 3 இணைப்பைக் கொடுத்தாலும் ஒன்றுதான். முதலில் பத்து நிமிடம் நின்று "ஆக்சிஜன் ஒன்றோடு சேர்ந்தால் புதுப் பொருள் உண்டாகும், அதற்கு ஆக்சைடு என்று பெயர்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவதில் என்ன குறைந்துவிடும்?


நூலகத்து மூலை எழுதியது:

மணி சார், பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கட்டுரைக்கு மறுவருடமே, 2007-ல், மெலோ-சில்வர், டங்கன், சின் மூவரும் மறுப்பு எழுதினார்கள், அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "தேடிக் கற்பது என்றால் வழிகாட்டாமல் விடுவது என்று யார் சொன்னது, நல்ல தேடல் வகுப்பில் படிக்குப் படி கைப்பிடி இருக்கிறதே" என்பதுதான் அவர்கள் பதில். அந்தக் கைப்பிடி பெரும்பாலும் ஆசிரியர் வாயில் இல்லை, அவர் எடுத்து வைக்கிற பொருளில் இருக்கிறது. நான்கு ஆணியை எண் போட்டுக் கொடுப்பதே ஒரு வழிகாட்டல்தான். கண்ட குப்பையிலிருந்து ஆணி பொறுக்கி வா என்று நீங்கள் சொல்லவில்லையே.

பாஞ்சி, பெல் என்ற இருவர் 2008-ல் இதை நான்கு படியாகப் பிரித்து எழுதினார்கள். கேள்வி, செய்முறை, விடை மூன்றையும் ஆசிரியரே கொடுப்பது முதல் படி, சரிபார்த்தல் மட்டும் பிள்ளைக்கு. கேள்வியும் செய்முறையும் கொடுத்து விடையை மட்டும் அவர்களிடம் விடுவது இரண்டாவது. கேள்வி மட்டும் கொடுப்பது மூன்றாவது. கேள்வியே அவர்களுடையது என்பது நாலாவது. கரும்பலகை டீச்சர் முதல் நாளே நாலாவது படியில் ஏறிவிட்டு, இரண்டாம் நாள் படிக்கட்டையே எடுத்துவிட்டார், அவ்வளவுதான் நடந்தது. பத்து நிமிடம் ஆக்சைடு சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. பூட்டைப் பார்த்துக் கேள்வி வந்த பிறகு சொல்லுங்கள், முன்னால் வேண்டாம்.


புதுச்சாக்பீஸ் எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஏஐ-யிடம் கேட்டால் இந்தப் பட்டியலை ஒரு நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுகிறதே, அதைப் பயன்படுத்தலாமா? நான் கேட்டதற்குப் பன்னிரண்டு புத்தகம் கொடுத்தது, அதில் நான்கு எங்கே தேடினாலும் கிடைக்கவில்லை.


சோதனைக்குழாய் எழுதியது:

கிடைக்காது, ஏனென்றால் அப்படிப் புத்தகமே இருந்திருக்காது. தேடுசொல் யோசிக்க, கடினமான பத்தியை எளிமையாக்கக் கேளுங்கள், எளிமையாக்கியதை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுவிட்டுக் கொடுங்கள். இணைப்பையும் புத்தகப் பெயரையும் திறந்து பார்க்காமல் நம்ப வேண்டாம். நான் துருப் பற்றி அது சொன்ன பதிலை அச்செடுத்து "இதில் சோதனையால் காட்டக் கூடிய வரிகளுக்கு அடியில் கோடு போடுங்கள்" என்று கொடுத்தேன், அதற்கு நன்றாகவே உதவியது.


வெல்டர் மகள் எழுதியது:

யாரும் மனிதர்களைச் சொல்லவில்லையே! என் அப்பா முப்பது வருடம் வெல்டிங் வேலை. இப்போது நான் பாடம் எடுக்கிறேன், துருவைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததில் கால்வாசி எனக்குத் தெரியாது. ஒருமுறை வகுப்புக்கு அழைத்து வந்தேன். முதல் தடவை தவறு செய்தேன், "பேசுங்கள் அப்பா" என்று விட்டுவிட்டேன், அவர் வாழ்க்கை வரலாற்றில் ஆரம்பித்து மணி அடிக்கும்வரை துருவுக்கு வரவே இல்லை. அடுத்த ஆண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வி எழுதி, நாங்கள் சேர்ந்து அதிலிருந்து ஆறு பொறுக்கி, இரண்டு நாள் முன்னாலேயே அவர் கையில் கொடுத்துவிட்டோம். பேச வேண்டாம், பொருள் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னேன். அவர் ஒரு கேட்டின் அடிப்பாகத்தை அறுத்துக் கொண்டுவந்தார். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கிறது, சுத்தியலால் லேசாகத் தட்டினார், உள்ளேயிருந்து துரு செதில் செதிலாகக் கொட்டியது. "பெயின்டுக்குள்ளே தண்ணி எப்படிப் போச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள். அப்பா பதில் சொல்லாமல் அந்தத் துண்டை அவள் கையிலேயே கொடுத்து, "பத்தவச்ச இடத்தைத் தேடிப் பாரு தாயி" என்றார். அவள் பற்றவைத்த இடத்தில் முடி அளவு விரிசலைக் கண்டுபிடித்தாள். எந்தக் காணொளியிலும் இது கிடைக்காது.

இன்னொன்று, படங்கள். தேடுபொறியில் வருகிற படத்தை அப்படியே எடுத்துத் தாளில் ஒட்டாதீர்கள், நாளைக்கு உங்கள் தாளை வெளியே பகிர முடியாமல் போகும். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தளத்தில் தேடினால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே உரிமம் எழுதியிருக்கும், கிரியேட்டிவ் காமன்ஸ் என்றால் பெரும்பாலும் எடுத்தவர் பெயரைப் போட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். பெயர் போடுவதைப் பிள்ளைகளிடமும் கேளுங்கள், "எங்கே எடுத்தாய்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியிலேயே காப்பி பாதி குறைந்துவிடுகிறது.

கப்பல் கேட்ட பையனுக்கு டைட்டானிக். 1912-ல் மூழ்கியது, 1985-ல் கண்டுபிடித்தார்கள், ஏறக்குறைய 3,800 மீட்டர் ஆழம். அதன்மேல் பனிக்கூர் மாதிரி துரு தொங்குகிற படங்கள் இருக்கின்றன. அந்தத் துருவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புது பாக்டீரியாவுக்கு 2010-ல் ஹாலோமோனாஸ் டைட்டானிக்கே என்று கப்பல் பெயரையே வைத்தார்கள். ஆழத்துத் தண்ணீரிலும் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லாதீர்கள், அவனே வந்து சேரட்டும்.

எதிர் உதாரணமும் ஒன்று கையில் இருக்கட்டும். டெல்லி இரும்புத் தூண், 7 மீட்டர் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, சுமார் 1,600 ஆண்டாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது, அரித்துப்போகவில்லை. பிள்ளைகள் "இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு" என்று சூத்திரம் எழுதி நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போது இந்தப் படத்தை மேசைமேல் போடுங்கள். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது மேலே ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது என்ற விளக்கத்தை இரண்டு நாள் கழித்துக் கொடுத்தால் போதும்.


மணியடிச்சாச்சு எழுதியது:

சரி, கேட் கதையில் விழுந்துவிட்டேன். ஆனாலும் ஒரு நிபந்தனை. எதைச் சேகரித்தாலும், இந்தப் பாடம் முடியும்போது பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று முதலில் இரண்டு வரி எழுதி வையுங்கள். அந்த இரண்டு வரிக்கு உதவாதது எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும் பட்டியலில் வேண்டாம். செவ்வாய்ப் படம் அதில் அடிபட்டுப் போகும் என்று நினைக்கிறேன்.


கரும்பலகை_8 எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

63 இணைப்பில் ஐந்துதான் மிஞ்சியது. காணொளியில் இரண்டு, அதில் ஒன்று மெழுகுவர்த்தி (சோதனைக்குழாய் சார், பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள்). மணி சார் சொன்ன இரண்டு வரியை எழுதினேன், உதவியது, ஆனால் செவ்வாயை வெட்ட மனசு வரவில்லை. வகுப்பின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு "நேரம் மிஞ்சினால்" என்று எழுதி அங்கே வைத்தேன். மிஞ்சாத நேரத்திலும் அங்கேதான் கூட்டம்.

கணினி அறைக்குப் போகவே இல்லை. ஒரு கேள்விக்கு ஓர் உறை, உள்ளே மூன்று தாள், அல்லது இரண்டு தாளும் ஒரு பொருளும். எட்டுக் குழுவும் உறையை மாற்றி மாற்றி எடுத்தார்கள். ஒவ்வொரு உறையின் மேலும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருந்தேன், அந்த வளத்தைப் படித்த குழு "இது எங்களுக்கு உதவியது / உதவவில்லை, ஏன்" என்று எழுத வேண்டும். கலைக்களஞ்சியக் கட்டுரையில் "எல்லாம் இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை" என்று எழுதியிருந்தார்கள். அதை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்க மாட்டேன்.

ஊசி உறைதான் பெரிய சண்டை. ஒரு குழு மருத்துவத் தளத்தை நம்பியது, இன்னொரு குழு "ஆனால் என் பாட்டி துருன்னுதான் சொன்னாங்க" என்றது. தாவல் மாற்றிப் பார்க்கிற விஷயத்தை என் ஒரே மடிக்கணினியில் எல்லார் முன்னாலும் செய்து காட்டினேன். மண்ணில் கிடந்து துருப்பிடித்த ஆணியில் மண்ணும் ஒட்டியிருக்கும், அதனால் பாட்டி சொன்னதும் முழுத் தப்பில்லை என்று ஒரு பெண் சமாதானம் செய்து வைத்தாள்.

தோல்வியும் உண்டு. இரும்புக் கம்பளியை வினிகரில் கழுவினேன், ஆனால் குழாயை நேராக நிறுத்தத் தவறிவிட்டேன், இரண்டு குழாயில் காற்று புகுந்து எல்லாம் கெட்டது. ஆளை அழைத்து வர முடியவில்லை, அதற்கு இன்னும் முன்னாலேயே திட்டமிட வேண்டும் என்று தெரிந்தது. மெதுவாகப் படிக்கிற நாலு பேருக்கு என்னிடம் இருந்த எளிய தாளும் கடினமாகத்தான் இருந்தது, கடைசியில் நானே அரைப் பக்கம் எழுதினேன்.

இப்போது உங்களிடம் ஒரு புதிர். எண் போட்ட ஆணிகளைத் தண்ணீரில் வைத்தோம். ஆறாம் எண், சாதா இரும்பாணி, அடிக்கும்போது நடுவில் வளைந்துபோன ஒன்று எப்படியோ கலந்துவிட்டது. அதில் துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரவில்லை. தலை, கூர்முனை, அப்புறம் அந்த வளைவு, மூன்று இடத்தில்தான் முதலில் வந்தது, நடுவில் நேராக இருந்த பகுதி பளபளவென்று அப்படியே. இதைக் கவனித்தது அந்தக் கப்பல் பையன்தான். என் ஐந்து இணைப்பிலும் இதற்கு ஒரு வரி இல்லை, தள்ளிவைத்த 58-ஐயும் திறந்து பார்த்துவிட்டேன், அதிலும் இல்லை. ஏன் அந்த மூன்று இடம்?


சோதனைக்குழாய் எழுதியது:

டீச்சர், காரணம் எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன், பையன் இந்தப் பக்கம் வந்து படித்துவிட்டால்? ஒன்று மட்டும் கேட்கிறேன். தொழிற்சாலையில் ஆணி செய்யும்போது தலையையும் முனையையும் என்ன செய்கிறார்கள், நீங்கள் வளைத்தபோது நடுவை என்ன செய்தீர்கள்? ஒரே டப்பாவிலிருந்து பத்து ஆணி எடுங்கள். ஐந்தை அப்படியே வையுங்கள். மூன்றை நடுவில் வளையுங்கள். இரண்டை நேராகவே வைத்து நடுப்பகுதியை மட்டும் சுத்தியலால் தட்டித் தட்டை ஆக்குங்கள். எல்லாம் ஒரே தண்ணீரில், ஒரே நாளில்.


கரும்பலகை_8 எழுதியது:

சுத்தியலை யார் பிடிப்பது என்பதில் இப்போதே தகராறு ஆரம்பித்துவிட்டது சார். திங்கட்கிழமை தண்ணீரில் போடுகிறோம்.